கோபுர முத்திரையின் கீழ் எழுதப்படும் மொழி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் அரசு அலுவலகங்களைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா அவையோர் உள்ளத்தில் எழுதல் இயல்பே. கவிதைக்கும் கச்சேரிக்கும் என்ன தொடர்பு? கோதை நாச்சியார் பிறந்த திருவில்லிபுத்தூரையும், பஞ்சாலைகளின் ஓசையிலே வளர்ந்த இராசபாளையத்தையும் இணைக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்ச் சாலையில் சென்று வருவோர் அத்தொடர்பை எளிதில் உணர்வர். அச்சாலையில் பேருந்து ஏறுவோரில் பாட்டுக் கேட்கச் செல்வோர் சிலர். மனுவோடு செல்வோர் பலர்.

திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரமே தமிழ்நாட்டரசின் சின்னத்தில் விளங்குவது என்று இவ்வட்டார மக்கள் பெருமையோடு கூறுவர். அச்சின்னத்தின் அடியில் 'வாய்மையே வெல்லும்' என்னும் தொடர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பட்டா, சாதிச் சான்று, ஓய்வூதிய ஆணை, வரி அறிவிப்பு என எத்தனையோ தாள்களில் அச்சேறி அக்கோபுரம் நாள்தோறும் வீடுகளுக்கு வந்து சேர்கிறது. கோபுரத்தை எல்லாரும் அறிவர். அதன் கீழே எழுதப்பட்டிருப்பதை அறிந்துகொள்ள அண்டை வீட்டுப் பிள்ளையைத் தேடிச் செல்லும் முதியவர் இன்றும் இருக்கின்றார். அந்தப் பிள்ளையும் படித்துவிட்டு, "என்ன சொல்லியிருக்காங்கன்னு புரியல, தாத்தா" என்று தாளைத் திருப்பித் தருவதும் உண்டு.

வளர்ந்த நாடுகளிலும் வளரும் நாடுகளிலும் அரசு அமைப்புகள் எவ்வாறு மாறுகின்றன என்பதே இவ்வுரையின் பொருள். அதன் முடிபை முதலிலேயே கூறிவிடலாம். ஓர் அமைப்பின் பெயரும் வடிவமும் விரைவில் மாறும். அதன் நடைமுறை மெல்ல மாறும். குடிமகனிடம் அது பேசும் மொழி கடைசியில்தான் மாறும். அந்தக் கடைசி மாற்றம் நேரும் வரை முன்னைய மாற்றங்கள் இரண்டும் குடிமகனைச் சென்று சேர்வதில்லை.

பெயர் மாறிய நாற்காலி

வடிவம் மாறுவது எத்துணை எளிது என்பதற்குத் திருவில்லிபுத்தூரே சான்று. 1801-இல் திருநெல்வேலிச் சீமை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது இவ்வூர் அதனுள் அடங்கியிருந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுள் சென்றது. அம்மாவட்டத்தின் தலைமை அலுவலகமோ நெடுங்காலம் மதுரையில் இருந்தது. ஒரு மாவட்டத்து மக்கள் தம் ஆட்சியரைக் காண மற்றொரு மாவட்டத்தின் தலைநகருக்குச் செல்ல வேண்டிய புதுமை பல்லாண்டுகள் நீடித்தது. 1985-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் காமராசர் மாவட்டம் ஆயிற்று. பின்னர் அதுவே விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. மாவட்ட ஆட்சியரகம் விருதுநகரில். மாவட்ட நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக் கோடுகள் அதனைக் கடந்து சென்றன.

இராசபாளையம் தரும் சான்று இன்னும் நுட்பமானது. 1898-இல் அவ்வூரில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா, 1949 ஏப்பிரல் 6-ஆம் நாள் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாண அமைச்சரவைத் தலைவருக்கு அந்நாளில் பிரதமர் என்றே பெயர். 1950 சனவரி 26-ஆம் நாள் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் நாள் பிரதமராக இருந்தவர் மறுநாள் முதலமைச்சர் ஆனார். அதே மனிதர், அதே நாற்காலி. ஆயினும் அந்த நாற்காலிக்கு அதிகாரம் வழங்கும் ஊற்று ஒரே இரவில் மாறிவிட்டது. முன்பு அது 1935-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். பின்பு அது இந்நாட்டு மக்கள்.

மேலே இத்துணைப் பெரிய மாற்றம் நேர்ந்தபோது, கீழே தாலுகா அலுவலகத்தில் நேர்ந்ததென்ன? பழைய சட்டங்கள் மாற்றப்படும் வரை தொடரும் என்று அரசியலமைப்புச் சட்டமே தன் 372-ஆம் பிரிவில் வகுத்தது. ஆகவே அதே பதிவேடு, அதே பசலி ஆண்டு, அதே ஜமாபந்தி. மனுதாரர் நின்ற இடமும் அதே வாசல்தான்.

எனினும் ஒன்று மெய்யாகவே மாறியது. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் 1952-இல் முடிந்தபோது, முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோல்வியுற்றார். முதலமைச்சரையும் வீட்டுக்கு அனுப்பும் ஆற்றல் ஒரு சிறு சீட்டுக்கு உண்டு என்பதை இவ்வட்டாரம் கண்டது. அவரும் அதனை ஏற்றார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்கு வழங்கினார். இன்றும் இராசபாளையத்துக் கலை நிகழ்ச்சிகளுக்கு அம்மன்றம் இடமளிக்கிறது. தோல்வியை மதிக்கும் பண்பும் ஆட்சி மாற்றத்தின் ஓர் உறுப்பே.

முப்பட்டகத்தின் உள்ளே

வளரும் நாடுகளின் ஆட்சியமைப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பிரெட் ரிக்ஸ், 1964-இல் வெளியிட்ட நூலில் ஓர் உவமையைக் கையாண்டார். கவிஞர்க்கு அது பிடித்தமானதாக இருக்கும். வெள்ளொளி ஒரு முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செல்கிறது. மறுபுறம் ஏழு நிறங்களாகப் பிரிந்து வெளிப்படுகிறது. பழைய சமுதாயம் பிரியாத வெள்ளொளி போன்றது. அங்கே வரி, நீதி, கோயில், காவல் எல்லாம் ஒருவர் கையிலே. வளர்ந்த சமுதாயம் பிரிந்த நிறங்கள் போன்றது. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி அமைப்பு. வளரும் நாடு இவ்விரண்டுக்கும் நடுவே, கண்ணாடியின் உள்ளே, பாதி பிரிந்தும் பாதி பிரியாதும் நிற்கிறது. எழுத்தில் உள்ள விதி ஒன்று, நடைமுறையில் உள்ள வழக்கம் வேறொன்று என்னும் இடைவெளியே இந்நிலையின் அடையாளம் என்றார் ரிக்ஸ்.

இந்த உவமையை இம்மாவட்டத்திலேயே பொருத்திப் பார்க்கலாம். கும்பினி ஆட்சியின் கலெக்டர் வரி தண்டினார், குற்றங்களை விசாரித்தார், 1817-ஆம் ஆண்டு விதியின்படி வருவாய் வாரியத்தின் கீழ்க் கோயில் சொத்துகளையும் மேற்பார்த்தார். அது பிரியாத ஒளி. பின்னர் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. 1863-இல் அரசு கோயில் நிருவாகத்திலிருந்து விலகியது. 1920களில் அறநிலைய வாரியம் தோன்றியது. குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்த 1951-இல் வாரியம் போய் அரசுத் துறை வந்தது. அச்சட்டத்தின் சில பிரிவுகள் 1954-இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தன. 1959-இல் புதிய சட்டம் பிறந்தது. நீதித்துறை நடுவர்களை ஆட்சித்துறையிலிருந்து நாடு முழுவதும் பிரித்து வைத்தது 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். விருதுநகரில் ஆட்சியரும் திருவில்லிபுத்தூரில் நீதிபதியும் தனித்தனியே அமர்ந்திருப்பதில், பிரிந்துவிட்ட இரண்டு நிறங்களைக் கண்கூடாகக் காணலாம்.

ஆனால் ரிக்ஸ் கூறிய இடைவெளி? அதற்கும் சான்று தொலைவில் இல்லை. நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெற்றாக வேண்டும் என்னும் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 சூன் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின்னர், 2022 பிப்ரவரி வரை தமிழ்நாட்டு நகராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெறவில்லை. இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அவற்றுள் அடங்கும். ஐந்தாண்டுக்கும் மேலாக மன்றக் கூடம் இருந்தது, மன்றம் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வார்டு உறுப்பினரைத் தேடியவர், தனி அலுவலரின் அலுவலகத்துக்கு வழி கேட்க வேண்டியிருந்தது.

வளர்ந்த நாடுகள் இத்தகைய இடைவெளியின்றிப் பிறந்தவை என்று கருதிவிடல் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை இங்கிலாந்தில் அரசுப் பணி என்பது செல்வாக்குடையோர் தம் உறவினர்க்குப் பெற்றுத் தந்த பரிசாகவே இருந்தது. 1854-இல் நார்த்கோட், டிரெவிலியன் என்னும் இருவர் அளித்த அறிக்கை தேர்வு முறையை வற்புறுத்தியது. திறந்த போட்டித் தேர்வு பெரும்பாலான துறைகளில் இடம்பெற 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் ஒருவன் 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டையே சுட்டான். அதற்குப் பின்னரே, 1883-இல், தகுதி அடிப்படையில் பணியமர்த்தும் சட்டம் வந்தது.

இங்கே ஒரு வியப்பு. இந்திய ஆட்சிப் பணிக்கான போட்டித் தேர்வு இலண்டனில் 1855-இலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்து தன் உள்நாட்டு அலுவலகங்களில் முழுமையாகக் கைக்கொள்ளுமுன் இந்தியப் பணிக்கு அதனை நடத்திப் பார்த்தது. அதற்கும் முன்னே பல நூற்றாண்டுகளாகச் சீனத்தில் நிலவிய அரசுத் தேர்வே இம்முறைக்கு முன்மாதிரி என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஆகவே சீர்திருத்தம் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கியே பாய்ந்தது என்னும் எண்ணம் திருத்தத்துக்குரியது.

பரம்பரைக் கணக்கும் தேர்வுக் கணக்கும்

இங்கிலாந்து 1854-இல் தொடங்கிய மாற்றத்தைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் எப்போது கண்டன? 1980 நவம்பரில். பழைய ஊராட்சியமைப்பில் மணியம் என்னும் கிராம முன்சீப், கணக்குப்பிள்ளை என்னும் கர்ணம், தலையாரி ஆகியோரே அரசின் முகம். முன்சீப், கர்ணம் பதவிகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வன. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைக் காத்தது. அரசியலமைப்புச் சட்டம் வழங்கிய சமவாய்ப்புக்கு அது முரணானது என்று பின்னாளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968-இல் பரம்பரை உரிமைச் சட்டம் நீக்கப்பட்டது.

சட்டம் நீங்கியது, வழக்கம் நீங்கியதா? ஊர்க்கணக்கு அதே வீட்டுப் பரணில், அதே குடும்பத்தார் மட்டும் படிக்கக்கூடிய கையெழுத்தில் பல ஊர்களில் இருந்தது. நிலத்தின் அளவும், அடங்கலின் பதிவும், யார் அனுபவத்தில் எது என்பதும் ஒரு குடும்பத்தின் அறிவாக இருந்தன. அறிவு ஒரு வீட்டில் இருக்குமாயின் அதிகாரமும் அவ்வீட்டிலேதான் இருக்கும். கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் அமரவும் இடம் பெறாத மக்கள், தம் நிலம் தம் பெயரில்தான் உள்ளதா என்று அறியத் தெருவில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

1980 நவம்பர் 13-ஆம் நாள், ம. கோ. இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்தபோது, கிராம முன்சீப், கர்ணம் முதலிய பகுதிநேரப் பதவிகள் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. 1981-இல் அது சட்டமாயிற்று. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. கிராம நிர்வாக அலுவலர் என்னும் முழுநேரப் பதவி உருவாயிற்று. பின்னர்த் தேர்வாணையத் தேர்வு எழுதித் தேறியவர் அப்பணிக்கு வரலாயினர். ஆணுக்கு ஆண் எனச் சென்ற பதவியில் இன்று பெண்கள் பலர் அமர்ந்திருக்கின்றனர். எந்தத் தெருவில் நின்று கேட்டனரோ அந்தத் தெருவின் பிள்ளைகளும் அந்நாற்காலிக்கு வந்தனர். பணி இழந்தோரின் குடும்பங்கள் பட்ட இன்னலும் மறக்கத்தக்கதன்று. அவருள் நேர்மையாளரும் ஊருக்கு உழைத்தோரும் பலர் இருந்தனர். ஆயினும் சிற்றூர் அளவில், பெயர்ப்பலகையைக் கடந்து நாற்காலியில் அமர்வோரையே மாற்றிய சீர்திருத்தம் இதுபோல் மற்றொன்று இல்லை எனலாம்.

இம்மாற்றத்தால் குடிமகனின் நிலை முழுமையாக மாறியதா என்று கேட்டால், பாதி மாறியது என்பதே விடை. பரணில் இருந்த கணக்கு அலுவலகத்துக்கு வந்தது. பின்னர்க் கணினிக்குள்ளும் சென்றது. பட்டாவை இன்று இ-சேவை மையத்தில் சில நிமிடங்களில் அச்சிட்டுப் பெறலாம். பெறலாம், படிக்கலாமா? அங்கேதான் மொழி குறுக்கிடுகிறது.

வட்டாட்சியர் அலுவலகத்தின் சொல்லடுக்கு

தொல்லியலார் மண்ணைத் தோண்டினால் அடுக்கடுக்காகக் காலங்கள் வெளிப்படும். வட்டாட்சியர் அலுவலகத்தின் ஒரு கோப்பைப் புரட்டினாலும் அவ்வாறே. அடங்கல், நன்செய், புன்செய், புறம்போக்கு ஆகியவை தமிழ். தாசில்தார், ஜமாபந்தி, பசலி, வசூல், ரசீது, நகல் ஆகியவை பாரசீகமும் அரபியும் நவாபு ஆட்சியின் வழியே விட்டுச் சென்றவை. கலெக்டர், சர்வே, நோட்டீசு ஆகியவை ஆங்கிலம். அவற்றின்மேல் மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர், வருவாய்த் தீர்வாயம் என்னும் புதுத்தமிழ். ஒரே தாளில் நான்கு அரசுகள் பேசுகின்றன.

மேல் அடுக்கின் பிறப்புக்கு இம்மாவட்டத்தோடு நெருங்கிய உறவுண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956 திசம்பரில், தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்தது. நகராட்சி ஆணையராகப் பணியாற்றிய கீ. இராமலிங்கனார் போன்றோர், நாள்தோறும் கோப்பெழுதிக்கொண்டே ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் நிகரான தமிழ்ச்சொல் தேடினர். மேசையில் அமர்ந்து செய்த அத்தமிழ்த்தொண்டு மேடைத் தொண்டுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

அதே 1956-ஆம் ஆண்டில், பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அங்கும் ஆங்கிலத்தின் இடத்தில் நாட்டு மொழியை அமர்த்துவதாகவே கூறப்பட்டது. ஆனால் தமிழ் பேசும் குடிமகனுக்கு அலுவலகத்தின் கதவு மூடப்பட்டது. தமிழ் அலுவலர்கள் வேற்று மொழியில் தேறவோ பணியை விடவோ நேர்ந்தது. தமிழும் ஆட்சிமொழி என்று அந்நாட்டு அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை ஆயிற்று. அலுவலக மொழி என்பது ஒரு மக்களை உள்ளே அழைக்கவும் வெளியே நிறுத்தவும் வல்லது என்பதற்கு ஒரே ஆண்டில் எழுந்த இவ்விரு சட்டங்களைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

இங்கிலாந்தும் இத்துன்பத்தை அறியாததன்று. அந்நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலம் பிரெஞ்சு மொழியிலேயே வழக்காடினர். மக்களுக்குப் புரியவில்லை என்பதற்காக ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் செய்தனர். வேடிக்கை யாதெனில் அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது! நீதிமன்றப் பதிவுகள் பின்னும் இலத்தீனிலே தொடர்ந்தன. அவையும் ஆங்கிலமாக வேண்டும் என்னும் சட்டம் 1733-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ முந்நூற்று எழுபது ஆண்டுகள்! தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களில் தமிழ் இடம்பெற 1976-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் எனச் சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த விருப்பம் இன்னும் கைகூடவில்லை.

தூய சொல்லும் தெளிந்த சொல்லும்

தமிழில் எழுதிவிட்டால் போதுமா? இவ்வினா தமிழன்பர் நிறைந்த அவையில் சற்றே கசக்கலாம். ஆயினும் கேட்டாக வேண்டும். பின்வருவது அலுவலகக் கடிதங்களின் பொதுவான வாய்பாடு:

"பார்வையில் காணும் தங்களது மனு பரிசீலிக்கப்பட்டதில், உரிய ஆவணங்கள் இணைக்கப்படாத நிலையில், மேற்படி மனுவின்மீது மேல்நடவடிக்கை மேற்கொள்ள வழிவகை இல்லை என்ற விவரம் இதன்வழி தெரிவிக்கப்படுகிறது."

எல்லாம் தமிழ் எழுத்தே. ஆயினும் கணவனை இழந்து ஓய்வூதியம் வேண்டிய ஒரு பெண் இதிலிருந்து அறிவது யாது? மறுத்துவிட்டனர் என்பதே. மெய்யாக அவருக்குச் சொல்ல வேண்டியது இது: "உங்கள் கணவரின் இறப்புச் சான்று மனுவோடு இல்லை. அதைக் கொண்டுவந்து கொடுங்கள். கொடுத்த பின் உங்கள் மனுவைப் பற்றி முடிவு செய்வேன்." முதற்கடிதம் ஒரு கதவைச் சாத்துகிறது, இரண்டாவது அதே கதவைத் திறக்கிறது. சட்டம் ஒன்றே, விதி ஒன்றே, மொழி மட்டும் வேறு.

இலக்கணம் அறிந்தோர் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் காண்பர். முதற்கடிதத்தில் பரிசீலித்தவர் யார்? தெரிவிப்பவர் யார்? எழுவாய் இல்லை, செயப்பாட்டு வினைகள் மட்டுமே நிற்கின்றன. எழுவாய் தொலைந்த இடத்தில் பொறுப்பும் தொலைந்துவிடுகிறது. செய்தவர் இல்லாத செயலைக் குறித்து எவரிடம் முறையிடுவது? அரசு அமைப்பு மாறிவிட்டதா என்று அறிய விரும்புவோர் அதன் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டா. அதன் கடிதத்தில் எழுவாய் உண்டா என்று பார்த்தால் போதும்.

தூய்மையும் தெளிவும் ஒன்றல்ல என்பதும் கருதத்தக்கது. வட்டாட்சியர் என்பது அழகிய சொல். இன்று வேரூன்றியும் விட்டது. வருவாய்த் தீர்வாயம் என்பதோ இன்னும் பலருக்கு ஜமாபந்தி என்று விளக்கிய பின்னரே புரிகிறது. பழைய அயற்சொல்லைப் புரியாத புதுச்சொல்லால் மாற்றினால், கர்ணத்தின் பரணில் இருந்த பூட்டு அகராதியின் பூட்டாக மாறும். திறவுகோல் அப்போதும் மனுதாரர் கையில் இராது. நல்ல தமிழ்ச்சொல் வழங்க வேண்டும்; அது வழங்கும் வரை மக்கள் அறிந்த சொல்லையும் அருகில் வைத்தெழுத வேண்டும். சொல்லைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் முரண்பட வேண்டியவை அல்ல.

வளர்ந்த நாடுகளும் இப்பாடத்தைக் காலந்தாழ்த்தியே கற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் நிதித்துறை, தன் அலுவலரின் நடையைத் திருத்த எர்னஸ்ட் கவர்ஸ் என்னும் மூத்த அலுவலரை வேண்டியது. 1948-இல் அவர் எளிய சொற்களைப் பற்றி எழுதிய சிறு நூல் புகழ் பெற்றது. தெளிந்த நடையில் எழுதுதல் அலுவலகங்களின் கடமை என்று சுவீடன் 2009-ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்திலும், அமெரிக்கா 2010-இல் ஒரு தனிச் சட்டத்திலும் வகுத்தன. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் காணலாம் என்று 1766-இலேயே சட்டம் செய்த நாடு சுவீடன். ஆவணத்தைக் காணும் உரிமையிலிருந்து, கண்ட ஆவணம் புரியும் உரிமைக்கு வந்துசேர அந்நாட்டுக்கும் இருநூற்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் இவ்விரு படிகளும் ஒரே சட்டத்தில் ஓரளவு இணைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. தமிழ்நாடு 1997-இல் இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விலக்குகள் மலிந்த அச்சட்டம் பெரிதும் பயன் தரவில்லை. 2005-ஆம் ஆண்டின் நடுவண் சட்டமே கதவைத் திறந்தது. அதன் ஆறாம் பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. விண்ணப்பத்தை வட்டாரத்தின் ஆட்சிமொழியில் எழுதலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதனை எழுத்தில் வடிக்கப் பொதுத் தகவல் அலுவலரே உதவ வேண்டும். கணக்குப்பிள்ளை வீட்டுத் தெருவில் நின்றவரின் பேரன், இன்று அலுவலகத்துள் அமர்ந்து வாயால் சொல்ல, அலுவலர் கையால் எழுத வேண்டும் என்கிறது சட்டம். வடிவில் இது நிறைவான மாற்றம். நடைமுறையில் எத்தனை பேர் இவ்வுரிமையை அறிவர்? ரிக்ஸ் கூறிய இடைவெளி இங்கும் வாய் திறந்து நிற்கிறது.

கவிஞர்க்கு ஒரு பணி

நீதிமன்ற வாசல்களிலும் வட்டாட்சியர் அலுவலக வாசல்களிலும் மரநிழலில் மேசையிட்டு அமர்ந்திருக்கும் மனு எழுதுவோரைக் கவிஞர்கள் கண்டிருப்பர். அவர்முன் அமரும் மூதாட்டி தன் வாழ்க்கையை முழுதும் சொல்கிறாள். மகன் கைவிட்டது, மழை பெய்து சுவர் விழுந்தது, யார் யாரோ ஏளனம் செய்தது. எழுதுபவர் தலையசைத்துக் கேட்டுவிட்டு, "மாண்புமிகு ஐயா, மேற்படி விலாசத்தில் வசித்து வரும் மனுதாரராகிய நான்" என்று தொடங்குகிறார். ஒரு வாழ்க்கை வாய்பாடாகச் சுருங்கும் இடம் அது. அங்கே இழக்கப்படுவது எது, காக்கப்பட வேண்டியது எது என்று அறியும் காது கவிஞர்க்கு உண்டு.

இப்பகுதியில் புலமைக்கும் ஆட்சிக்கும் உறவு புதியதன்று. இராசபாளையத்தை அடுத்த சேற்றூர்ச் சமீனில் கவிராயர் மரபு தழைத்திருந்தது. புலவர்கள் அரண்மனையின் ஆதரவில் பாடினர். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன்கள் மறைந்தன. அரண்மனை போனபின் புலவர் யாருக்காகப் பாடுவது என்னும் வினாவுக்கு இலக்கிய வட்டங்களே விடையாகப் பிறந்தன எனலாம். அரண்மனை வாயிலில் பரிசில் பெற்ற புலமை, மக்கள் அலுவலக வாயிலில் மனுவுக்குத் துணை நிற்பது அதன் இயல்பான அடுத்த படியாகும்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்தின்முன் ஒரு சிறு வேண்டுகோள். மாதக் கூட்டங்களில் ஒன்றைக் கவிதைக்கு மாறாக ஒரு படிவத்துக்கு ஒதுக்குக. முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம், பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம் என ஒவ்வொன்றாக எடுத்து, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர்க்குப் புரியும் தமிழில் திருத்தி எழுதுக. எழுவாய் இல்லாத இடத்தில் எழுவாய் இடுக. எழுதியதை எழுத்தறியாத ஒருவர்க்குப் படித்துக் காட்டுக. அவர் தலையசைத்த பின்னரே முடிந்ததெனக் கொள்க. பின்னர் அதனை உரிய அலுவலர்க்கு மதிப்போடு அனுப்புக. அலுவலகங்களில் இருப்போருள் தமிழார்வலர் பலர். இவ்வட்டத்திலும் அரசூழியர் இருத்தல் கூடும். மேசைக்கு இப்புறமும் அப்புறமும் நின்ற அனுபவம் ஒருவரிடமே அமைவது பெரும்பேறு.

சட்டமன்றம் சட்டத்தை மாற்றும்; நீதிமன்றம் விதியைத் திருத்தும்; தேர்வாணையம் நாற்காலியில் அமர்வோரை மாற்றும். கோபுர முத்திரையின் கீழுள்ள வாக்கியத்தை மாற்ற, வாக்கியத்தை நேசிப்போர் வேண்டும். அந்த வாக்கியம் தெளியும் நாளில் முதியவர் அண்டை வீட்டுப் பிள்ளையிடம் தாளை நீட்ட, பிள்ளை ஒருமுறை படித்து, "சான்று ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்காங்க, தாத்தா, நாளைக்குப் போவோம்" என்று சொல்லும். வாய்மையே வெல்லும் என்பதன் பொருள் அந்த வீட்டுத் திண்ணையில் அன்று விளங்கும்.